அடிக்குறிப்பில் நான்கு சமையலறைகள்

மதியச் சாப்பாடு முடிந்ததும் பேராசிரியர் பியோ கிசோல் பல் துலக்கிக்கொண்டே ஆய்வகத்துக்குள் வருவார். அந்தக் கட்டடத்தில் எல்லோருமே சாப்பிட்ட கையோடு பல் துலக்குகிறவர்கள்தான். ஆனால் மற்றவர்கள் அதைக் குழாயடியோடு முடித்துக்கொள்வார்கள். இவரோ வாய் நிறைய நுரையோடு மேசை மேசையாக வந்து நிற்பார். நுரைக்கு நடுவிலேயே பேசுவார். எதையாவது காட்ட வேண்டுமென்றால் அந்த பிரஷ்ஷாலேயே காட்டுவார்.

அன்று தாரேயின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் இருந்த அட்டவணையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை நீட்டி, கடைசி நான்கு வரிசைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒரு சொட்டு நுரை திரையில் விழுந்து மெதுவாகக் கீழே வழிந்தது.

"நம்பர்ல கை வைக்காதம்மா. ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. அட்டவணைய மட்டும் கொஞ்சம் பாந்தமா போடு."

அவர் போன பிறகு தாரே ஒரு துடைப்புக் காகிதத்தை நான்காக மடித்துத் திரையைத் துடைத்தாள். துடைத்த இடம் வெளேரென்று மங்கலாகவே இருந்தது. மேசை வரைக்கும் புதினா வாடை வீசியது.

பாங் தாரே தென் கொரியாவின் சோங்ஜு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் காற்று மாசு பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அந்த ஆய்வகத்தில் யாருக்கு அட்டவணை தேவைப்பட்டாலும் அவளிடம்தான் வருவார்கள். கட்டுரைகளை எல்லாம் லேடெக் என்ற மென்பொருளில்தான் அச்சுக்குத் தயார் செய்தார்கள். அதில் கண்ணால் பார்த்துக் கட்டம் வரைய முடியாது. எத்தனை நெடுவரிசை, எது இடது ஓரம், எது நடு, எது வலது என்று எல்லாவற்றையும் கட்டளையாக எழுத வேண்டும். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே '&' குறி, வரி முடிந்தால் இரண்டு சாய்கோடு. ஒரு குறி விட்டுப்போனாலும் எண்கள் தடுமாறி அடுத்தவன் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அட்டவணை எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்பதைக்கூட மென்பொருள் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். அதைப் பிடித்து நிறுத்தவும் வழி உண்டு, கடைசிப் பக்கம் வரை துரத்தவும் வழி உண்டு. மற்ற மாணவர்கள் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் அட்டவணையைப் படமாக ஒட்டிவிட்டுப் போவார்கள். தாரேக்கு அந்த வேலை பிடிக்கும். குறுக்குக்கோடு மூன்றே மூன்று போடுவாள், நெடுக்குக்கோடு போடவே மாட்டாள். புள்ளிக்கு நேர்கீழே புள்ளி நிற்கும். அவள் போட்ட பக்கத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால்கூட எது பெரிது, எது சிறிது என்று தெரிந்துவிடும்.

பேராசிரியருக்குப் பிடிக்காமல் போனதும் அதுதான்.

முந்தின வருடம் பள்ளிக்கூடச் சமையலறைகளில் அவர்கள் புகையை அளந்திருந்தார்கள். ஒரு கம்பெனி புதுவிதமான சிம்னி ஒன்றைத் தயாரித்திருந்தது. பழைய சிம்னியை விட அது எவ்வளவு புகையை இழுக்கிறது என்று நிரூபித்துத் தரும்படி கேட்டு, ஆய்வுக்கான செலவையும் அந்தக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. பதினோரு சமையலறைகள், ஒவ்வொன்றிலும் பழைய சிம்னியோடு சில நாள், புதியதைத் தற்காலிகமாக மாட்டிச் சில நாள். அவற்றில் ஏழு நல்ல வெளிச்சத்தோடு தரைக்கு மேலே இருந்தன. மீதி நான்கும் அரைப்பாதாளம், அதாவது பாதி தரைக்குள் புதைந்து, கூரையை ஒட்டி ஒரு சாண் ஜன்னல் மட்டும் வைத்தவை. கருவியைச் சுமந்துகொண்டு எல்லாவற்றுக்கும் போய் வந்தவள் தாரே.

மேலே இருந்த ஏழு சமையலறைகளிலும் புது சிம்னி பிரமாதமாக வேலை செய்தது. அரைப்பாதாளங்களில் காய்ச்சுகிற நாளிலும் வதக்குகிற நாளிலும் பரவாயில்லை. எண்ணெய்ச் சட்டியில் பன்றிக்கறித் துண்டுகளைப் பொரிக்கிற நாளில்தான் கதை மாறியது. சிம்னி அசுர பலத்தோடு காற்றை உறிஞ்சும், ஆனால் அறைக்குள் புதுக் காற்று வர வழி கிடையாது. அதனால் புகை கூரை வரை போய்த் திரும்பி, சுழன்று, நிற்கிறவர்களின் மூஞ்சிக்கு நேரே இறங்கும். பழைய சிம்னியில் இருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். கருவியில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தாரே இருமினாள். அங்கே சட்டிக்கு முன்னால் நின்றிருந்த மா சுன்னே என்ற சமையல்காரம்மா முகக்கவசத்தை இறக்கி, கறுப்பாகச் சளியைத் துப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த கூடைக் கறியை எண்ணெயில் இறக்கினாள். தாரேயின் தலைமுடியிலிருந்து அந்தக் கருகிய எண்ணெய் வாடை போக ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

தாரேயின் முதல் அட்டவணை ஒரே பக்கத்தில் இருந்தது. சமையலறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, பழைய சிம்னியும் புது சிம்னியும் பக்கத்துப் பக்கத்தில். அரைப்பாதாளங்கள் நான்கும் கீழே ஒன்றாக, மேலே ஒரு கோட்டோடு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

பேராசிரியர் ஒரே நாளில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. அவர் வழியே அப்படித்தான். முதல் நாள், அட்டவணை ரொம்ப நீளம் என்றார். காய்ச்சுவது, வதக்குவது, பொரிப்பது என்று மூன்றாக உடைக்கச் சொன்னார். அதில் நியாயம் இருப்பது போலத்தான் தாரேக்கும் பட்டது. அடுத்த நாள், பழையதையும் புதியதையும் தனித்தனி அட்டவணையாக்கினால் மூச்சு விட இடம் இருக்குமே என்றார். அப்புறம், அரைப்பாதாளங்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினால் வாசிக்கிறவருக்குக் கட்சி சேர்ப்பது போல் இருக்கும், எல்லாவற்றையும் அகரவரிசையில் கலந்துவிடலாம், எது அரைப்பாதாளம் என்று அடிக்குறிப்பில் சொன்னால் போதும் என்றார். அதற்கு அடுத்த வாரம், பொரிக்கிற அட்டவணை அகலமாக இருக்கிறதே, அதைப் பக்கவாட்டில் திருப்பிச் சிறிய எழுத்தில் இணைப்புப் பகுதிக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டார். எங்கெங்கே புது சிம்னி ஜெயித்திருக்கிறதோ அந்த எண்களை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் வாயில் நுரை, பின்கழுத்தில் மூச்சு.

ஒரு முறை தாரே மெல்லக் கேட்டாள், சார், இப்படிப் போட்டால் பொரிக்கிற விஷயம் யார் கண்ணிலும் படாதே என்று. அவர் கோபப்படவில்லை. குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டால் உதட்டை ஒற்றிக்கொண்டே திரும்பி வந்தார்.

"எந்த நம்பராவது இல்லாம இருக்கா சொல்லு. எல்லாமே இருக்கு. தேடுறவனுக்குக் கெடைக்கும். தேடாதவனுக்கு நாம என்னம்மா பண்றது?"

தாரே செய்து கொடுத்தாள். அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் வராது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவளால் வெளியே சொல்ல முடியாது. பக்கவாட்டில் திரும்பிய அட்டவணையில், இரண்டு அடுக்குத் தலைப்புகளுக்குக் கீழே, எழுத்தைச் சிறிதாக்கியும் ஒரு புள்ளிகூட இடம் பிசகாமல் நிற்க வைப்பது கஷ்டமான வேலை. அந்தக் கஷ்டம் அவளுக்கு ருசித்தது. அது சரியாக வந்து உட்கார்ந்தபோது, தன்னை அறியாமல் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் பின்னாளில் அவளுக்குக் குமட்டும்.

கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளர் ஒருவர், அட்டவணைகள் வெகு நேர்த்தி, மற்றவர்கள் பார்த்துக் கற்கலாம் என்றே எழுதியிருந்தார். பேராசிரியர் அந்த வரியை ஆய்வகத்தின் கதவில் ஒட்டச் சொன்னார்.

அன்று மாலை எல்லோருக்கும் கறி சுடுகிற கடையில் விருந்து. சிம்னிக் கம்பெனியின் இயக்குநர் தே என்பவரும் வந்திருந்தார். தாரேயின் அட்டவணையைச் சட்டம் போட்டு அலுவலக வரவேற்பறையில் மாட்டியிருப்பதாகச் சொல்லி, இரண்டு கையாலும் அவளுக்குச் சோஜு மது ஊற்றினார். எந்த அட்டவணை என்று கேட்டாள். காய்ச்சுகிற அட்டவணையாம். கொழுப்பு உருகி நெருப்பில் சொட்டி, மேசைக்கு மேலே தொங்கிய குழாயையும் மீறிப் புகை கிளம்பியது. பேராசிரியர் ஒரு கீரை இலையை உள்ளங்கையில் விரித்தார். சுட்ட கறி, பூண்டு, சோயா விழுது எல்லாம் வைத்து, விரல்களால் அமுக்கி உருட்டி, மேசைக்கு இந்தப் பக்கம் நீட்டினார்.

"நம்ம தாரேக்கு மொத வாய். ஆ காட்டு."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் வாயைத் திறந்தாள். அவருடைய விரல் உதட்டில் பட்டது. நகத்தின் ஓரத்தில் விழுது ஒட்டியிருந்தது. பெரிய உருண்டை. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கன்னம் உப்பிய முகத்தோடு தலையை ஆட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அப்படியே துப்பினாள். வெளியே வந்தபோது மினா நின்றிருந்தாள். கூக் மினா முனைவர் பட்டம் வாங்கியும் போக இடமில்லாமல் அதே ஆய்வகத்தில் இருந்தவள். தாரேக்கு மூத்தவள், நல்லவள். ஒன்றும் கேட்காமல் தண்ணீர்க் குவளையைக் கொடுத்தாள். எனக்கும் முதல் கட்டுரைக்கு இதே உருண்டை கிடைத்தது என்று மட்டும் சொன்னாள்.

வசந்தம் முடிகிற நேரத்தில் சுன்னேயிடமிருந்து போன் வந்தது. அளக்கப் போன நாட்களில் தாரே அவளைச் சித்தி என்று கூப்பிட்டுப் பழகியிருந்தாள். அவளும் மகளே என்று கூப்பிட்டு, கிளம்பும்போதெல்லாம் எள்ளிலைத் தொக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்புவாள். நலம் விசாரித்துவிட்டு, சங்கடத்தோடு விஷயத்துக்கு வந்தாள். அரைப்பாதாளச் சமையலறைகளுக்குத்தான் முதலில் புது சிம்னி மாட்டப்போகிறார்களாம். கல்வி அலுவலகத்தில் அதற்கென்று ஒரு குழு உட்காரப்போகிறதாம். பல்கலைக்கழகமே நல்லது என்று எழுதிவிட்டதாகச் சொல்லி, பள்ளியின் ஊட்டச்சத்து ஆசிரியை அந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தாளாம்.

"நாங்க நாலு பேரும் உக்காந்து தேடிப் பாத்துட்டோம் மகளே. எங்க சமையக்கட்டு எங்க இருக்குன்னே தெரியல. நீ அன்னிக்கு அளந்தியே, அத உட்டுட்டாங்களா?"

இருக்கிறது சித்தி, வந்து காட்டுகிறேன் என்றாள் தாரே.

மறுநாள் பிற்பகல், பாத்திரமெல்லாம் கழுவி முடிந்த நேரத்தில் போனாள். தரை ஈரமாக இருந்தது. அன்றும் பொரித்திருக்கிறார்கள். சுவரில் கை வைத்தால் ஒட்டியது. எவர்சில்வர் மேடையில் சுன்னே பக்கங்களைப் பரப்பியிருந்தாள். மற்ற மூன்று சமையல்காரம்மாக்களும் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே சுற்றி நின்றார்கள். தாரே இணைப்புப் பகுதியை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினாள். கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொன்னாள். பள்ளிப் பெயருக்குப் பதில் ஓர் எழுத்துதான் போட்டிருக்கிறது, இந்த எழுத்து உங்கள் பள்ளி, இதன் தலையில் பொடியாக ஏறி உட்கார்ந்திருக்கிறதே ஒரு எண், அதற்கு விளக்கம் பக்கத்தின் அடியில், அங்கே அரைப்பாதாளம் என்று போட்டிருக்கிறது பாருங்கள். இது புது சிம்னி. பழைய சிம்னி இதற்கு முந்தைய பக்கம். ஒருத்தி முதல் பக்கத்தில் விரல் வைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி அடுத்த பக்கத்தில் விரல் வைத்துக்கொள்ள, மூன்றாமவள் அடிக்குறிப்பை வாய்விட்டுப் படித்தாள். இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் பார்க்க அங்கே மூன்று பேர் தேவைப்பட்டார்கள். கடைசியில் சுன்னே இரண்டு எண்களையும் பேனாவால் மேடைமேலேயே எழுதி, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

"கூடத்தான் இருக்கு," என்றாள்.

ஆமாம் என்றாள் தாரே.

"அப்ப நாங்க சும்மா சொல்லல. இதுல எங்கள ஏன் இப்படி மூலையில கொண்டுபோய் வச்சிருக்கு? யாரு போட்டது இத?"

பேராசிரியர் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு '&' குறியும் அவள் கையால் தட்டியது.

"நாந்தான் சித்தி போட்டேன்."

ஒருத்தி குழாயைத் திறந்து, கழுவிய கத்தியையே மறுபடி கழுவினாள். சுன்னே காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சரி செய்து, தாரேயிடம் நீட்டினாள். வழக்கமாகக் கொடுக்கிற டப்பாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. படியேறி வெளியே வந்தபோது தாரேக்குத் தன் கைகள் தன்னுடையவை போலவே இல்லை. பேருந்தில் அவற்றை மடியில் குப்புற வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றே ஆய்வகத்துக்குப் போய், அச்சான கட்டுரையிலிருந்த அதே எண்களை எடுத்து ஒரே பக்கத்தில் ஒரே அட்டவணையாகப் போட்டாள். பழையது, புதியது, பக்கத்துப் பக்கத்தில். அரைப்பாதாளங்கள் நான்கும் ஒன்றாக. தடித்த எழுத்து எதற்கும் இல்லை. செய்து முடிக்க அரை மணிகூட ஆகவில்லை. மினா பார்த்துவிட்டு வாசற்கதவைச் சாத்தினாள். பட்டம் கையில் வரும் வரை பொறுத்துக்கொள், அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய் என்று கெஞ்சினாள். நான் எத்தனையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன் தெரியுமா என்றாள். அது எவ்வளவு பெரிய துக்கம் என்று அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை.

தாரே நேராகப் பேராசிரியரிடமே கொண்டுபோனாள். குழு கூடும்போது இந்தப் பக்கத்தையும் வைத்துவிடலாம் சார், ஆய்விதழுக்கும் அனுப்பலாம், எண்கள் ஒன்றுகூட மாறவில்லை என்றாள். அவர் காகிதத்தை விரல்நுனியால் பிடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, இவ்ளோ அசிங்கமா இருக்கு. எல்லாத்தையும் அப்படியே நடுவீட்ல கொட்டி வச்ச மாதிரி. உனக்கு ரசனை இருக்குன்னு நெனச்சேனே."

தாரே அவர் முகத்தையே பார்த்தாள். அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது அருவருப்பாக இருந்தது. எதை ஒளிக்கிறோம் என்பதையே மறந்துவிட்டு, ஒளித்து வைத்ததை அழகு என்று நம்பத் தொடங்கி எத்தனையோ வருடம் ஆகியிருக்க வேண்டும். தானும் இன்னும் பத்து வருடம் இந்த நாற்காலியில் இருந்தால் இப்படித்தான் முகம் சுளிப்பேன் என்று தோன்றியது. சார், நான் அனுப்பப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தன் பெயரைப் போட்டே அனுப்பினாள். கல்வி அலுவலகத்துக் குழுவுக்கு ஒன்று, ஆய்விதழுக்கு ஒன்று. இந்த அட்டவணைகளை அமைத்தவள் நான், அமைத்த விதம் வாசிப்பவரைத் திசைதிருப்பும், அதே எண்களை நேராக வைத்தால் இப்படி இருக்கும் என்று மூன்று வரி எழுதி, பக்கத்தை இணைத்தாள்.

குழு கூடிய அன்று, அரைப்பாதாளங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது உறுப்பினர் ஒருவர் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாராம். மினாதான் வந்து சொன்னாள். விளக்கம் சொல்ல அங்கே போயிருந்த பேராசிரியர் கொஞ்சமும் தடுமாறவில்லையாம். இதெல்லாம் எங்கள் கட்டுரையிலேயே தெளிவாக இருக்கிறதே, இணைப்புப் பகுதியைப் பார்க்கவில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அவர் சொன்னதும் பொய்யில்லை. மேலே இருந்த சமையலறைகளுக்கு மட்டும் புது சிம்னி என்று முடிவாயிற்று. அரைப்பாதாளங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆய்விதழோ, தகவல் பிழை எதுவும் இல்லாததால் திருத்தம் வெளியிட இயலாது என்று நன்றியோடு பதில் போட்டது.

பேராசிரியர் தாரேயை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எதிரே வந்தால் அதே புன்சிரிப்பு, அதே நம்ம தாரே. ஆனால் அவள் ஆய்வேட்டின் வரைவு அவர் மேசையில் ஏறிய இடத்திலேயே கிடந்தது. இந்த வாரம் பார்க்கிறேன், அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று இலையுதிர்காலமும் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது மற்றவர்கள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அது அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது. அந்த வாய்களெல்லாம் சேர்ந்து மெல்லுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. ஒரு நாள் காலை விலகல் கடிதத்தைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, தன் கோப்பை, செருப்பு, சின்ன மின்விசிறி இவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மினா பேருந்து நிறுத்தம் வரை வந்து, பேருந்து வரும்வரை அழுதாள். தாரேக்கு அழுகை வரவில்லை.

பக்கத்து ஊர்த் தொழிற்பேட்டையில், ஆலைகளில் தூசு அளந்து அறிக்கை கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பட்டம் இல்லாதவளுக்கான வேலைதான். அங்கே அட்டவணைக்கு அரசாங்கம் ஒரு வடிவம் கொடுத்திருந்தது. நெடுக்கும் குறுக்கும் கோடு போட்ட, கண்ணுக்கு லட்சணமே இல்லாத கட்டம். எண்ணை அதில் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதம் அதைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுத்தது. பிறகு விட்டுவிட்டாள்.

குளிர் தொடங்கியபோது சுன்னேயைப் பார்க்கப் போனாள். போகலாமா என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் போனாள். அன்று பொரிக்கிற நாள். படியிறங்கும்போதே புகை கண்ணைக் கரித்தது. சுன்னே கூடையை எண்ணெயிலிருந்து தூக்கி மாட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தாள். இளைத்திருந்தாள். அடுத்த மாதம் நுரையீரலைப் படம் எடுக்கச் சொல்லியிருப்பதாக, வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வது போலச் சொன்னாள்.

புது சிம்னி வராமல் நின்றதே, கொஞ்சமாவது பரவாயில்லையா என்று தாரே கேட்டாள். கேட்கும்போதே தன் குரலில் ஒரு கெஞ்சல் இருப்பது அவளுக்குக் கேட்டது.

"இன்னும் மோசமாவாம நின்னுச்சு. அவ்ளோதான் மகளே," என்றாள் சுன்னே. "பழைய பொகை அப்படியேதான் இருக்கு."

பிறகு அவளாகவே, தரைக்கு மேலே ஜன்னல் வைத்த சமையலறை கேட்டு நான்கு பள்ளிக்காரர்களும் சேர்ந்து தொழிற்சங்கம் மூலமாக மனு கொடுத்திருப்பதாகச் சொன்னாள். மனுவோடு தாரே போட்ட அந்த ஒரு பக்கத்தையும் இணைத்திருக்கிறார்களாம். பதில் எதுவும் இன்னும் வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ எண்ணெய் காய்கிறது என்று கத்தினார்கள். சுன்னே முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டாள். நீ இங்க நிக்காத, துணியெல்லாம் நாறிப்போகும் என்று சொல்லிவிட்டுப் புகைக்குள் போனாள்.